வீட்டு விருந்தும் உணவக விருந்தும்: நண்பர்களோடு உண்பதற்கு ஒரு கையேடு

நகரத்தில் ஆளுக்கொரு திசையில் வேலை பார்க்கும் நண்பர்களின் விருந்துகளில் பாதி, நாள் குறிப்பதிலேயே கலைந்துபோகின்றன. எல்லோருக்கும் வசதியான நாளைத் தேடாமல், மாதத்தின் இரண்டாம் சனிக்கிழமை இரவு என்பதுபோல ஒரு நாளை நிலையாக வைத்துக்கொண்டு, வர முடிந்தவர்கள் வந்தால் போதும் என்று முடிவுசெய்வதே நடைமுறைக்கு ஒத்துவரும். அடுத்த கேள்வி, வீட்டில் சமைப்பதா, வெளியில் போவதா என்பது. மெல்லிய தீயில் நெடுநேரம் வெந்து, இறக்கி வைத்த பிறகு சுவை கூடுகிற குழம்பு வகைகளும் பருப்பு வகைகளும் வீட்டுக்கு உரியவை. கொழுந்துவிட்டு எரியும் அடுப்பில் நொடியில் வதக்குபவை, பெரிய சூளையில் சுடுபவை, எண்ணெயில் பொரித்துச் சூடாகவே தின்ன வேண்டியவை ஆகியவற்றை உணவகத்துக்கு விட்டுவிடலாம். எட்டுப் பேருக்கு வீட்டில் பொரிக்கத் தொடங்கினால், அழைத்தவர் அன்றிரவு முழுவதும் வாணலியோடுதான் பேசிக்கொண்டிருக்க வேண்டும்.

வீட்டு விருந்தின் வெற்றி, முதல் விருந்தினர் கதவைத் தட்டும்போது அடுப்பில் எத்தனை வேலை மிச்சமிருக்கிறது என்பதைப் பொறுத்தது. முந்தைய நாளே செய்து வைக்கக்கூடியவை இரண்டு, அன்று காலையில் முடிக்கக்கூடியது ஒன்று, பரிமாறும் நேரத்தில் செய்ய வேண்டியது அதிகபட்சம் ஒன்று என்று திட்டமிட்டால் போதும். இதுவரை செய்து பார்க்காத உணவை அன்றைக்குத்தான் முயன்று பார்ப்போம் என்ற ஆசையை அடக்கிக்கொள்வது நல்லது.

நால்வருக்கான அளவை எட்டுப் பேருக்குப் பெருக்கும்போது எல்லாமே இரு மடங்காவதில்லை. நீர் ஆவியாவது பாத்திரத்தின் வாய் அகலத்தையும் கொதிக்கும் நேரத்தையும் பொறுத்தது; ஆகவே அதே பாத்திரத்தில் இரு மடங்கு குழம்பு வைக்கும்போது நீரையும் இரு மடங்காக ஊற்றினால் குழம்பு நீர்த்துவிடும். முதலில் ஒன்றரை மடங்கு ஊற்றி, தேவைப்பட்டால் பிறகு சேர்க்கலாம். உப்பையும் காரத்தையும் அவ்வாறே குறைத்துத் தொடங்கி, வெந்த பின் சுவைத்துக் கூட்ட வேண்டும். வெங்காயத்தை மட்டும் அவசரப்பட்டு ஒரே தடவையில் கொட்டக் கூடாது: வாணலி நிறைந்துவிட்டால் வெங்காயம் விடும் நீர் வெளியேற வழியின்றித் தேங்கி, துண்டுகள் சிவக்காமல் வெந்து குழைந்துவிடும். இரண்டு தவணையாக வதக்கினால் பத்து நிமிடம் கூடுதலாகும். குழம்பின் நிறமும் மணமும் அந்தப் பத்து நிமிடத்தில்தான் இருக்கின்றன.

முன்கூட்டியே சமைப்பதில் ஓர் எச்சரிக்கை உண்டு. சமைத்த உணவை இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியில் வைக்கக் கூடாது என்றும், 5 பாகை செல்சியசுக்குக் கீழே குளிர வைக்கவோ 60 பாகைக்கு மேல் சூடாக வைத்திருக்கவோ வேண்டும் என்றும் உலக சுகாதார நிறுவனம் அறிவுறுத்துகிறது. சோற்றில் கூடுதல் கவனம் தேவை. அரிசியில் இருக்கக்கூடிய பேசில்லஸ் சீரியஸ் என்னும் பாக்டீரியாவின் வித்துகள் கொதிக்க வைத்தாலும் சாவதில்லை. ஆறிய சோறு வெளியிலேயே கிடந்தால் அவை முளைத்துப் பெருகி, வாந்தியை உண்டாக்கும் நஞ்சை உருவாக்கும். மறுபடி சூடாக்கினாலும் அந்த நஞ்சு அழிவதில்லை. எனவே சோற்றை அன்றன்று வடிப்பதே மேல். குழம்பை அகலமான, ஆழமற்ற பாத்திரங்களில் பிரித்து ஊற்றி விரைவாக ஆறவிட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் வைக்க வேண்டும்.

அழைக்கும்போதே ஒவ்வாமை பற்றிக் கேட்டுவிட வேண்டும். நிலக்கடலை, முந்திரி, பாதாம் போன்ற கொட்டைகள், பால், முட்டை, கோதுமை, சோயா, மீன், இறால், நண்டு ஆகியவையே பெரும்பாலான கடும் ஒவ்வாமைகளுக்குக் காரணம். பிடிக்காது என்பதும் ஒத்துக்கொள்ளாது என்பதும் வேறு வேறு. பின்னதற்குக் கரண்டியும் பாத்திரமும்கூடத் தனியாக இருக்க வேண்டும். “நான் என்ன கொண்டுவரட்டும்?” என்று கேட்கும் நண்பரிடம் “ஒன்றும் வேண்டாம்” என்று சொல்லாதீர்கள். பழம், இனிப்பு, பனிக்கட்டி என அடுப்பு தேவைப்படாத எதையாவது குறிப்பிட்டுச் சொல்லுங்கள்; அடுப்பு தேவைப்படும் எதையும் சொல்லாதீர்கள்.

உணவகம் என்றால், உணவுப் பட்டியலைப் பார்ப்பதற்கு முன் பேச முடியுமா என்று பார்க்க வேண்டும். சுற்றிலும் இரைச்சல் கூடக் கூட மனிதர்கள் தம்மையறியாமல் குரலை உயர்த்துகிறார்கள். எத்தியேன் லொம்பார் என்ற பிரெஞ்சு மருத்துவர் 1911-இல் விவரித்த இந்த இயல்பு, நிறைந்த உணவகத்தில் ஒவ்வொரு மேசையும் பக்கத்து மேசையை விஞ்சிப் பேச முயல்வதில் அப்படியே தெரியும். கூட்ட நேரத்துக்கு முன்பே போவதும், ஒலிபெருக்கிக்கும் அடுக்களைக் கதவுக்கும் தள்ளி ஒரு மூலையைக் கேட்டு வாங்குவதும் பலனளிக்கும். ஆட்கள் நான்கைத் தாண்டினால் பேச்சு தானாகவே இரண்டாகப் பிரியும். ஆறு பேர் என்றால் வட்ட மேசை நல்லது. நீள மேசைதான் கிடைக்கிறது என்றால், கலகலப்பானவர்களை நடுவிலும் எதிரெதிராகவும் உட்கார வையுங்கள். உணவைச் சொல்லும் பொறுப்பை ஒருவரிடம் விட்டு, முதல் சுற்றில் தலைகளைவிட ஓர் உணவு குறைவாகச் சொல்லி, போதாவிட்டால் பிறகு கேட்டுக்கொள்ளலாம்.

நட்பைச் சற்றே உரசக்கூடியது பில். யூரி நீசியும் சக ஆய்வாளர்களும் 2004-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், தொகையைச் சமமாகப் பங்கிடுவதாக முன்கூட்டியே அறிந்தவர்கள், அவரவர் உண்டதற்கு அவரவரே கொடுக்க வேண்டியிருந்தவர்களைவிட அதிகத் தொகைக்கு உணவு வரவழைத்தார்கள். தனித்தனியாகக் கொடுப்பதையே பெரும்பாலோர் விரும்பினார்கள் என்பதும் அதில் தெரியவந்தது. ஆனால் மேசையில் அதை வாய்விட்டுச் சொல்வதற்குத்தான் ஆளிருப்பதில்லை. ஆகவே உட்காருவதற்கு முன்பே முறையைப் பேசி முடித்துவிட வேண்டும். உணவைச் சமமாகப் பங்கிட்டு, மதுவையும் தனியாக வரவழைத்த விலையுயர்ந்தவற்றையும் கேட்டவர் கணக்கில் எழுதுவது நியாயமாகப்படுகிறது. கையில் பணம் குறைவாக உள்ள நண்பர் தயங்காமல் வரக்கூடிய இடத்தைத் தேர்ந்தெடுத்துவிட்டால், இந்தக் கணக்குகளே பெரும்பாலும் எழா. ஒருவர் மொத்தமாகக் கட்டினால் மற்றவர்கள் தம் பங்கை அன்றிரவே அனுப்பிவிட வேண்டும். நினைவூட்டும் வேலையைக் கட்டியவர் தலையில் வைக்கக் கூடாது.

மிஞ்சியதைக் கட்டித் தரச் சொல்வதில் கூச்சம் வேண்டாம். ஆனால் பரிமாறிய நேரத்திலிருந்தே அந்த இரண்டு மணி நேரக் கணக்கு ஓடத் தொடங்கிவிடுகிறது என்பதால், பொட்டலத்தை வீடு அருகில் உள்ளவரிடம் கொடுத்தனுப்புங்கள்.