கம்ப்யூட்டேஷனல் பயாலஜி மாஸ்டர்ஸ்: கோர் பாடங்களை எப்படிப் பொறுக்குவது?

உயிரியல் தரவைக் கம்ப்யூட்டரும் புள்ளியியலும் கொண்டு அலசும் கம்ப்யூட்டேஷனல் பயாலஜியில் மாஸ்டர்ஸ் சேர்ந்ததும் கையில் ஒரு நீளமான பாடப் பட்டியல் வரும், அதில் நாலைந்தைக் கோர் பாடமாக எடுத்தாக வேண்டும். பெயர்கள் எல்லாமே ஆளை இழுக்கும். பெயரைப் பார்த்து எடுக்காதீர்கள், நான் எடுத்துப் பட்டிருக்கிறேன்.

முதல் படி: உங்களுக்கு எது வராது என்று பாருங்கள்

ஒரு ஜீனிலிருந்து ஒன்றுக்கு மேற்பட்ட புரோட்டீன்கள் எப்படி வருகின்றன என்று யாருக்காவது ஐந்து நிமிடம் விளக்க முடியுமா? ஒரு டெக்ஸ்ட் ஃபைலைப் படித்து, அதில் எந்த எழுத்து எத்தனை முறை வருகிறது என்று எண்ணும் புரோகிராமை உதவியில்லாமல் எழுத முடியுமா? எதில் திணறுகிறீர்களோ அந்தப் பக்கம் ஒரு அடிப்படைப் பாடம் எடுங்கள். ஒன்று போதும். உயிரியலிலிருந்து வருபவர்கள் பயந்துபோய் மூன்று புரோகிராமிங் பாடம் எடுத்துவிடுவார்கள், அது வீண்.

இரண்டாம் படி: புள்ளியியலுக்கு முதல் இடம்

மற்ற எதை விட்டாலும் இதை விடாதீர்கள். மனிதனுக்குப் புரோட்டீன் உருவாக்கும் ஜீன்கள் சுமார் 20,000. நோயாளிகளையும் ஆரோக்கியமானவர்களையும் ஒப்பிட்டு ஒவ்வொரு ஜீனுக்கும் ஒரு சோதனை நடத்தி, p-மதிப்பு (வித்தியாசமே இல்லாதபோதும் இவ்வளவு பெரிய முடிவு தற்செயலாக வரும் வாய்ப்பு) 0.05-க்குக் கீழே வந்ததையெல்லாம் 'கண்டுபிடிப்பு' என்று எழுதினால், உண்மையில் எந்த வித்தியாசமும் இல்லாவிட்டாலும் தற்செயலாகவே ஆயிரம் ஜீன்கள் தேறிவிடும். இதைச் சமாளிக்க 1995-இல் பெஞ்சமினி, ஹாக்பெர்க் என்ற புள்ளியியலாளர்கள் இருவரும் கொடுத்த திருத்தமுறையை இன்றும் தினமும் பயன்படுத்துகிறோம். அது ஏன் வேலை செய்கிறது என்று தெரியாமல் பட்டனை அழுத்துபவர்கள்தான் அதிகம். அதனால் சிலபஸைத் திறந்து, பன்மடங்குச் சோதனை (மேலே சொன்ன மாதிரி ஒரே நேரத்தில் பல சோதனைகள் நடத்துவது), லீனியர் மாடல் (ஒரு அளவை மற்ற அளவுகளின் நேர்கோட்டுக் கூட்டாக விளக்குவது), பேய்ஸ் முறை (முன்பே தெரிந்ததைப் புதுத் தரவால் திருத்திக்கொள்வது) மூன்றும் இருக்கிறதா என்று தேடுங்கள். ஆர்என்ஏ சீக்வென்சிங் (எந்த ஜீன் எவ்வளவு வேலை செய்கிறது என்று அளக்கும் முறை) தரும் எண்ணிக்கைகளுக்கு ஏன் நெகட்டிவ் பைனாமியல் என்ற புள்ளியியல் பரவலை எடுக்கிறார்கள் என்றும் சொல்லித் தந்தால், யோசிக்காமல் சேருங்கள்.

மூன்றாம் படி: டூல் பாடமா, அல்காரிதம் பாடமா?

இரண்டுக்கும் பெயர் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும், 'சீக்வென்ஸ் அனாலிசிஸ்' என்கிற மாதிரி. அசைன்மென்டைப் பார்த்தால் தெரிந்துவிடும். பிளாஸ்டை (BLAST, ஒரு சீக்வென்ஸைப் போன்றவற்றைத் தரவுத்தளத்தில் தேடும் டூல்) ஓட்டி முடிவை ஒட்டி அனுப்பச் சொன்னால் அது டூல் பாடம், அதை நீங்களே ஒரு வார இறுதியில் கற்றுக்கொள்ளலாம். இரண்டு சீக்வென்ஸ்களை வரிசைப்படுத்தி ஒப்பிட 1970-இல் வந்த நீடில்மன்-வுன்ஷ் முறையை நீங்களே புரோகிராமாக எழுதச் சொன்னால் அது அல்காரிதம் பாடம், கோர் இடத்தை அதற்குக் கொடுங்கள். டூல்கள் மாறிக்கொண்டே இருக்கும், உள்ளே இருக்கும் யோசனைகள் அவ்வளவு சீக்கிரம் மாறாது: 1994-இல் டெக்ஸ்டைச் சுருக்குவதற்காக வெளியான பரோஸ்-வீலர் உருமாற்றம்தான், பிற்பாடு வந்த போ-டை (Bowtie) போன்ற அலைனர்களுக்குள் (சீக்வென்ஸ் துண்டுகள் ஜீனோமில் எங்கே பொருந்தும் என்று தேடும் டூல்கள்) உட்கார்ந்திருக்கிறது.

நான்காம் படி: மெஷின் லேர்னிங் இரண்டாம் செமஸ்டருக்கு

புரோட்டீனின் வடிவத்தைக் கணிக்கும் மெஷின் லேர்னிங் மாடலான ஆல்ஃபாஃபோல்டுக்காக 2024-இல் வேதியியல் நோபலில் பாதியே கொடுத்தாயிற்று, ஆசை வரத்தான் செய்யும். சரி, எடுங்கள், ஆனால் புள்ளியியலுக்கு அப்புறம். புரோட்டீன் தரவை இஷ்டத்துக்குக் கலைத்துப் பயிற்சிக்குப் பாதி, சோதனைக்குப் பாதி என்று பிரித்தால், ஒரே குடும்பத்துப் புரோட்டீன்கள் இரண்டு பக்கமும் போய்விடும், மாடல் பழைய முகங்களை அடையாளம் கண்டுகொண்டு 95 சதவீதம் என்று காட்டும், நாமும் நம்பிவிடுவோம். இதைப் பற்றிப் பேசாத மெஷின் லேர்னிங் பாடம் நம் துறைக்குப் பாதிதான் உதவும்.

ஐந்தாம் படி: பின்னாலிருந்து அடுக்குங்கள்

ஆய்வு ப்ராஜெக்ட் எதில் என்று தோராயமாக எழுதிக்கொண்டு, அதற்கு முன் எந்தப் பாடம், அந்தப் பாடத்துக்கு முன் எது என்று பின்னோக்கி வாருங்கள். வருடத்துக்கு ஒருமுறை மட்டும் நடக்கும் பாடங்களைத் தனியாகக் குறித்து வையுங்கள், அதில் ஒன்று தவறினால் அட்டவணையே சரிந்துவிடும். கோடிங் அசைன்மென்ட் அதிகமுள்ள இரண்டு பாடங்களை ஒரே செமஸ்டரில் வைக்க வேண்டாம். இன்னும் முடிவுக்கு வரமுடியாமல் இரண்டு பாடங்கள் மிச்சமிருந்தால், முதல் வாரம் இரண்டு வகுப்பிலும் போய் உட்காருங்கள், பாடத்தை மாற்றுவதற்கான கடைசித் தேதியை மட்டும் முன்னாலேயே விசாரித்துக்கொண்டு.