கருப்பணியில் உள்ள சேதன அமிலங்களை எல்சி-எம்எஸ்ஸில் அளப்பது எப்படி?

கருப்பணி என்பது சுண்ணாம்பு பூசிய முட்டியில் (மண்பானையில்) இறக்கும் புளிக்காத பனஞ்சாறு. எல்சி-எம்எஸ் என்பது பொருட்களைத் திரவ ஓட்டத்தில் பிரித்து, அவற்றின் அயன்களைத் திணிவால் இனங்காணும் கருவி. லக்ரிக், மாலிக், சிற்றிக், சக்சினிக், பியூமாரிக் ஆகிய ஐந்தும் சிறிய, நீர் விரும்பும் அமிலங்கள். சாதாரண சி18 கொலத்தில் (நீர் வெறுக்கும் பொருள் நிரப்பிய பிரிப்புக் குழாயில்) இவை சரியாகத் தங்காமல் சீனியோடு சேர்ந்தே வெளியே வந்துவிடும். அப்போது அயனாக்கம் அமுங்கி, அளவு குறைவாகக் காட்டும். நூறு வீத நீரையும் தாங்கும் ஏகியூ வகைக் கொலம் வேண்டும்: 150 × 2.1 மி.மீ.

மாதிரியில்தான் பாதி வேலை. முட்டியை இறக்கிய உடனே கருப்பணியை ஐஸில் வையுங்கள். யாழ்ப்பாண வெயிலில் ஆய்வுகூடம் வரை சும்மா கொண்டுபோனால், வழியில் உண்டான லக்ரிக்கையும் சேர்த்துத்தான் அளப்பீர்கள். முட்டியில் பூசிய சுண்ணாம்பையும் மறக்கக்கூடாது. சிற்றிக்கில் ஒரு பகுதி கல்சியம் சிற்றேற்றாகி வண்டலில் கிடக்கலாம். அதனால் வடிக்காமல், நன்றாகக் குலுக்கி 1 மில்லிலீற்றர் எடுங்கள். டியூற்றீரியம் ஏற்றிய சக்சினிக்கை உள்நியமமாக (தெரிந்த அளவில் சேர்க்கும் ஒப்பீட்டுப் பொருளாக) இப்போதே சேருங்கள். பிஎச் தாள் 3 காட்டும்வரை 10% போமிக் அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு, நீரால் 10 மில்லிலீற்றர் ஆக்குங்கள். பிறகு மையநீக்கியில் 10 நிமிடம் சுழற்றி, 0.22 மைக்குரோன் பில்ரரில் வடித்து, இன்னும் பத்து மடங்கு ஐதாக்குங்கள். புளித்த கள்ளுக்கு மொத்தம் ஆயிரம் மடங்கு.

ஓட்டத்துக்கு 0.1% போமிக் அமில நீர், நிமிடத்துக்கு 0.2 மில்லிலீற்றர், ஊசியளவு 5 மைக்குரோலீற்றர். பொஸ்பேற்றுத் தாங்கல் கரைசல் வேண்டவே வேண்டாம். அது ஆவியாகாமல் அயன் மூலத்தில் உப்பாய்ப் படியும். ஐந்தும் இறங்கும்வரை இந்த அமில நீர் மட்டும், பிறகு 3 நிமிடம் 95% அசற்றோநைத்திரைல், பிறகு 8 நிமிடம் மீண்டும் அமில நீர். இந்தக் கடைசி 8 நிமிடத்தைக் குறைத்தால் அடுத்த ஓட்டத்தில் உச்சிகள் இடம் மாறும். தங்காத பொருட்கள் சுமார் 1.7 நிமிடத்தில் வருவதால், முதல் 2 நிமிடத்தைக் கழிவுக்குத் திருப்புங்கள். அதற்குமுன் தனி நியமங்களை (ஒவ்வொரு அமிலத்தின் தூய கரைசலை) விட்டு, எந்த அமிலமும் அந்த நேரத்தில் வரவில்லை என்று பாருங்கள்.

எதிர் அயன் முறையில் பார்க்க வேண்டியவை (முதல் எண் அமில அயனின் m/z, அடுத்தது அது உடைந்து வரும் துண்டின் m/z): லக்ரிக் 89→43, சக்சினிக் 117→73, பியூமாரிக் 115→71, மாலிக் 133→115, சிற்றிக் 191→111.

புதியவர்கள் அதிகம் ஏமாறுவது பியூமாரிக்கில். மாலிக் அயன் மூலத்திலேயே ஒரு நீர் மூலக்கூறை இழந்து 115 ஆகிவிடும். தனி மாலிக் நியமத்தை விட்டு 115→71 தடத்தைப் பாருங்கள். மாலிக் வரும் அதே நேரத்தில் உச்சி எழுந்தால், அது பெரும்பாலும் மாலிக் உடைந்ததுதான். உண்மையான பியூமாரிக் பிந்தியே வரும். மூலத்தின் கோன் மின்னழுத்தத்தைக் குறைத்தால் அந்தப் போலி உச்சி சிறுக்கும்.

கருப்பணி சேர்க்காத வெற்று மாதிரியில் லக்ரிக் தெரிந்தால் முதலில் கையைச் சந்தேகியுங்கள். வியர்வையில் லக்ரிக் நிறைய உண்டு. மூடியை வெறுங்கையால் தொட்டாலே போதும்.

அசற்றிக்கை இம்முறையில் தேட வேண்டாம். அதன் அயன் 59, பல கருவிகளில் இரைச்சலில் மூழ்கிவிடும். அதற்கு வாயு நிறப்பகுப்பே நல்லது.