கல்விக்கடன் வரும்வரை காலேஜ் பீஸ்

கேரளாவின் பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறையிலிருந்து கோவைக்குப் படிக்கப் போகும் பிள்ளைகள் எங்கள் பக்கம் நிறைய. ஜூலையில் காலேஜ் பீஸ் கேட்கும். பேங்க்கில் கடன் பாஸாக இன்னும் நாளாகும். என் மகளுக்கும் அதே நிலைமைதான்.

முதலில் கடனுக்கு விண்ணப்பித்த ரசீதின் நகலோடு, பீஸ் கட்ட அவகாசம் கேட்டு முதல்வருக்கு எழுதிக் கொடுங்கள். வாயால் சொன்னால் கவுண்டரில் யாருக்கும் நினைவிருக்காது. எங்களுக்குப் பாதித் தொகையை இப்போது கட்டினால் போதும் என்றார்கள். அதற்கு என் வளையல் இரண்டை அடகு வைத்தேன். தேவையான தொகைக்கு மட்டும் வையுங்கள், வட்டி குறையும். மொபைல் ஆப்பில் கடன் வாங்கவே வேண்டாம்.

அப்புறம் முக்கியமானது: கட்டும் முன்பே, நாமே கட்டிய பீஸைத் திருப்பித் தருவீர்களா என்று பேங்க்கில் கேட்டுவிடுங்கள். பொதுவாகக் கடன் பணம் நேராகக் காலேஜ் கணக்குக்குத்தான் போகும். ரொக்கமாகக் கட்டாமல் கணக்கிலிருந்தே அனுப்பி, ரசீதில் பிள்ளையின் பெயரும் பருவமும் சரியாக இருக்கிறதா என்று அங்கேயே பாருங்கள். எங்கள் ரசீதில் இனிஷியல் மாறியிருந்ததால் இன்னொரு தடவை வேலந்தாவளம் எல்லை தாண்டிக் கோவைக்குப் போய்வர வேண்டியதாயிற்று.

நாலு லட்சம் வரையான கடனுக்குப் பொதுவாகச் சொத்து ஜாமீன் கேட்க மாட்டார்கள். வருமானச் சான்றிதழுக்கு மட்டும் வில்லேஜ் ஆபீஸில் இன்றே விண்ணப்பித்துவிடுங்கள்.