பழைய ஜிம்னி ஒன்று, 11 ஞாயிற்றுக்கிழமைகள்

பழைய ஃபோர் பை ஃபோர் பார்க்கப் போகும்போது சட்டைப்பையில் ஒரு ஸ்க்ரூடிரைவர் இருக்கட்டும். நான் முதலில் பார்க்கப் போன ஜிம்னி (சுஸுகியின் சின்ன ஃபோர் பை ஃபோர்), தென்னாப்பிரிக்காவில் டர்பனுக்குத் தெற்கே ஒரு கடலோர ஊரில் நின்றது. மேலே பெயின்ட் பளபளவென்று இருந்தது. அடியில் சேஸிஸ், அதாவது வண்டியைத் தாங்கும் இரும்புச் சட்டம், முழுக்கப் புத்தம்புதுக் கறுப்புப் பூச்சு. என்னோடு வந்த எதிர்வீட்டு அண்ணா ஒன்றும் பேசாமல் தரையில் மல்லாந்து படுத்து, ஸ்க்ரூடிரைவரின் பிடியால் சேஸிஸைத் தட்டிக்கொண்டே போனார். டங், டங், டங். பின்சக்கரத்துக்கு மேலே வந்ததும் 'தொப்'. அந்த இடத்தில் முனையை வைத்து அழுத்தினார். இரண்டு அங்குலம் உள்ளே போய்விட்டது. எழுந்து சட்டையைத் தட்டிவிட்டு, விற்பவருக்கு ஒரு 'தேங்க்யூ' சொல்லிவிட்டுக் காரில் ஏறினார். நான்தான் இன்னும் அந்தப் பெயின்ட்டைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அண்ணா டர்பனில் இந்தியர் பகுதியான சாட்ஸ்வொர்த்தில் பிறந்து வளர்ந்தவர், ஓய்வுபெற்ற ஃபிட்டர். நான் கோவில்பட்டிக்காரன், டர்பனுக்கு வந்து 14 வருஷம். அவரிடம் தமிழ் ஏழெட்டுச் சொல்தான் மிச்சம்: வண்டி, எண்ணெய், சோறு, மெதுவா, ஐயோ. மெக்கானிக் வேலைக்கு அது போதும் என்பதை அப்புறம் கற்றுக்கொண்டேன்.

இங்கே ஞாயிற்றுக்கிழமை வீட்டு முற்றத்தில் வண்டி பிரிப்பவர்களில் பாதிப் பேர் டொயோட்டா ஹைலக்ஸ் பக்கிதான் (இங்கே பிக்கப்புக்கு அதுதான் பெயர்) வைத்திருக்கிறார்கள். நல்ல வண்டி, மறுக்கவில்லை. ஆனால் பழைய ஹைலக்ஸ்கூட விலை இறங்குவதே இல்லை. டீசல் என்றால் இன்ஜெக்டர் செலவு ஒன்றே ஒரு மாதச் சம்பளத்தைத் தின்றுவிடும். முதல் வண்டி, வார இறுதி வேலை, சொந்தக் கை என்றால் நான் மூன்றாம் தலைமுறை ஜிம்னியைச் சொல்வேன். 1998 முதல் 2018 வரை வந்த அந்தச் சின்ன வடிவம்தான். 1.3 லிட்டர் பெட்ரோல், எடை ஒரு டன்னைச் சற்றே தாண்டும், தனிச் சேஸிஸ், முன்னும் பின்னும் முழு ஆக்ஸில், காயில் ஸ்பிரிங். தொடக்க வருஷ வண்டிகளைத் தவிர, இஞ்சினில் டைமிங் பெல்ட் கிடையாது, செயின்தான். பானெட்டைத் திறந்தால் கை போக இடம் இருக்கும்.

எங்கே வாங்குவது? கடற்கரையில் இருப்பவர்கள் மலைநாட்டு வண்டியை வாங்க வேண்டும். ஜோஹன்னஸ்பர்க், பிரிட்டோரியா பக்கம் உப்புக்காற்று இல்லை. அங்கேயே ஓடிய வண்டியில் துரு குறைவு. நான் 2022 ஆகஸ்டில் 2010 மாடல் ஒன்றை ஜோஹன்னஸ்பர்க்கில் எடுத்து, என்3 நெடுஞ்சாலை வழியாக ஓட்டி வந்தேன். ஒன்று சொல்லிவைக்கிறேன்: அங்கே டெஸ்ட் ஓட்டும்போது இஞ்சின் சோம்பலாகத் தெரியும். ஊர் 1,700 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. டர்போ இல்லாத இஞ்சின் 1,000 மீட்டருக்குச் சுமார் 10 சதவீதம் சக்தியை இழக்கும். வான் ரீனன் கணவாய் இறங்கி டர்பன் வந்ததும் அதே வண்டி துள்ளும்.

டர்பன் வண்டியே வாங்குகிறீர்கள் என்றால் இன்னொரு சோதனை உண்டு. 2022 ஏப்ரல் வெள்ளத்தை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துப் பாருங்கள். எல்லாவற்றையும் கழுவுகிறவர்கள் சுருளுக்குள் இருக்கும் கடைசி முழத்தைக் கழுவுவதில்லை. அங்கே சேற்றுக்கோடு இருந்தால் நடையைக் கட்டுங்கள்.

ஜிம்னியில் குறிப்பாகப் பார்க்க வேண்டியவை சில. ஃபோர் பை ஃபோர் பட்டனை அழுத்தியதும் விளக்கு விடாமல் மினுக்கினால், முன்சக்கர ஹப்பைப் பூட்டும் வேக்குவம் ஒழுங்காக வரவில்லை. பெரும்பாலும் ஒரு வெடித்த ரப்பர் குழாய்தான் காரணம், பெரிய செலவில்லை. விலை குறைத்துக் கேட்க நல்ல சாக்கு. முன்சக்கரங்களுக்கு உள்பக்கம் ஒரு உருண்டை இருக்கும். அதன் அடியில் கெட்டிக் கிரீஸ் லேசாகப் படிந்திருந்தால் சரி. தண்ணியாக எண்ணெய் வழிந்தால் ஆக்ஸில் சீல் போய்விட்டது, டிஃப் (டிஃபரென்ஷியல்) எண்ணெய் வெளியே வருகிறது.

அப்புறம் அண்ணா காட்டிய ஒரு தந்திரம். முன்சக்கரத்தை ஜாக்கில் தூக்கி, டயரின் தலையிலும் அடியிலும் கை வைத்து ஆட்டுங்கள். 'டக் டக்' என்று ஆட்டம் தெரிந்தால், இன்னொருவரை பிரேக்கை மிதிக்கச் சொல்லி மறுபடி ஆட்டுங்கள். ஆட்டம் நின்றுவிட்டால் வீல் பேரிங். நிற்காவிட்டால் கிங்பின் பேரிங், அதாவது முன்சக்கரம் இடவலம் திரும்பும் அச்சின் பேரிங். நான் என் வண்டியில் இதைச் செய்தேன், லேசான ஆட்டம் இருந்தது, "பரவாயில்லை, பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று வாங்கிவிட்டேன். அதன் கதை கீழே வருகிறது.

காகித விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பதிவுச் சான்றிதழில் 'டைட்டில் ஹோல்டர்' என்ற வரியில் வங்கி பெயர் இருந்தால் கடன் இன்னும் தீரவில்லை. அதே சான்றிதழில் வண்டியின் நிலையைச் சொல்லும் 'கோட்' எண் 2 என்றால் சாதாரணப் பழைய வண்டி. எண் 3 என்றால் விபத்துக்குப் பின் மறுபடி கட்டியது, விலை அதற்கேற்பக் குறைய வேண்டும். வண்டி சாலையில் ஓடத் தகுதி என்று சொல்லும் ரோட்வொர்த்தி சான்றிதழ் 60 நாள்தான் செல்லும். வாங்கிய 21 நாளுக்குள் உங்கள் பெயருக்குப் பதிந்துவிட வேண்டும். தனியாரிடம் வாங்கினால் ஒப்பந்தத்தில் 'ஃபூட்ஸ்டூட்ஸ்' என்ற ஆஃப்ரிகான்ஸ் சொல் பெரும்பாலும் இருக்கும்: இருக்கிறபடியே எடுத்துக்கொள், பிறகு வந்து கேட்காதே என்று பொருள். டீலரிடம் வாங்கினால் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி 6 மாதக் காப்பு உண்டு. தனியாரிடம் அது இல்லை. அதனால்தான் ஸ்க்ரூடிரைவர்.

வண்டி வீட்டுக்கு வந்தாயிற்று. இப்போது கை அரிக்கும். லிஃப்ட் கிட் (வண்டியை உயர்த்தும் நீள ஸ்பிரிங்), பெரிய டயர், கூரையில் விளக்கு, வின்ச் என்று இரவெல்லாம் விலை பார்ப்பீர்கள். நானும் பார்த்தேன். அண்ணா முதலில் எண்ணெய்களை மாற்றச் சொன்னார்: இஞ்சின், கியர்பாக்ஸ், டிரான்ஸ்ஃபர் கேஸ், இரண்டு டிஃப். நான் தலையாட்டிவிட்டு, அடுத்த ஞாயிறே 2 அங்குல லிஃப்ட் போட்டேன். வேலை சுலபம்தான். ஷாக்கைக் கழற்றி, ஆக்ஸிலைத் தாழ்த்தி, பழைய ஸ்பிரிங்கை எடுத்துப் புதியதை வைத்தால் முடிந்தது. மதியத்துக்குள் நாலு சக்கரமும் ஆகிவிட்டது. வண்டி கம்பீரமாக நின்றது. படம் எடுத்து ஊருக்கெல்லாம் அனுப்பினேன்.

இரண்டு வாரம் கழித்துக் குடும்பத்தோடு டிராக்கன்ஸ்பர்க் மலைப் பக்கம் கிளம்பினோம். ஹோவிக் தாண்டி 85 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு பாலத்தின் இணைப்பில் சக்கரம் ஏறி இறங்கியது. அவ்வளவுதான். ஸ்டியரிங் இடமும் வலமுமாக உதற ஆரம்பித்தது. என் முழங்கை வரை ஆடியது. டாஷ்போர்டில் இருந்த பிள்ளையார் கீழே விழுந்தார். அந்த நேரத்தில் செய்ய வேண்டியது ஒன்றே: ஸ்டியரிங்கை உறுதியாகப் பிடித்து, ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, வண்டி தானாக வேகம் குறைய விடுங்கள். 60க்கு வந்ததும் ஒன்றுமே நடக்காததுபோல் நின்றுவிட்டது. மனைவி பிள்ளையாரை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, வீடு திரும்பும்வரை ஒரு வார்த்தை பேசவில்லை.

நடந்தது இதுதான். கையை விட்டுச் சைக்கிள் ஓட்டியிருப்பீர்கள். முன் ஃபோர்க் சாய்ந்திருப்பது சக்கரம் தானாக நேராகப் போக உதவுகிறது. ஜிம்னியிலும் கிங்பின் அப்படிப் பின்பக்கம் சாய்ந்திருக்கும். அந்தச் சாய்வுதான் காஸ்டர். வண்டியைத் தூக்கும்போது ஆக்ஸிலைப் பிடித்திருக்கும் கைகள் கீழே சரிந்து, ஆக்ஸிலை முன்பக்கம் திருப்பிவிடுகின்றன, காஸ்டர் குறைகிறது. ஏற்கெனவே தேய்ந்த கிங்பின் பேரிங் அதோடு சேர்ந்தால் உதறல்தான். கடையில் கேட்டால் உதறலை அடக்கும் ஷாக்கான ஸ்டியரிங் டேம்பரை மாற்றச் சொல்வார்கள். மாற்றாதீர்கள். அது நோயை மறைக்கும், தீர்க்காது.

கண்டுபிடிக்க இரண்டு பேர் வேண்டும். சக்கரங்கள் தரையில் இருக்க, இஞ்சின் ஓட, ஒருவர் ஸ்டியரிங்கைச் சிறிதாக இடவலம் ஆட்ட வேண்டும். இன்னொருவர் கீழே குனிந்து, ஆக்ஸில் பக்கவாட்டில் நகராமல் பிடிக்கும் பேன்ஹார்ட் ராடின் இரண்டு முனைகளையும், சக்கரங்களைத் திருப்பும் டை ராட் முனைகளையும் பார்க்க வேண்டும். முனையில் உள்ள ரப்பர் புஷ் தேய்ந்திருந்தால் ராட் அசைவதற்கு முன் போல்ட் அசைவது கண்ணுக்கே தெரியும். என் வண்டியில் பேன்ஹார்ட் புஷ்ஷும் போயிருந்தது. சக்கர பேலன்ஸையும் பார்த்துவிடுங்கள். சில நேரம் அது மட்டுமே காரணமாக இருக்கும், சின்னச் செலவில் தலைவலி தீரும்.

கிங்பின் பேரிங் மாற்ற ஒரு பக்கத்துக்கு ஒரு ஞாயிறு ஒதுக்குங்கள். வண்டி ஸ்டாண்டில் நிற்க வேண்டும், ஜாக்கில் அல்ல. செங்கல்லை அடுக்கி அடியில் படுப்பவர்களை இங்கேயும் பார்க்கிறேன், வேண்டாம். பிரேக் காலிப்பரைக் கழற்றிக் கம்பியால் ஸ்பிரிங்கில் கட்டித் தொங்கவிடுங்கள். குழாயில் தொங்கக் கூடாது. டிஸ்க், ஹப், ஸ்பிண்டில், பிறகு ஆக்ஸில் தண்டு, கடைசியில் நக்கிள். எது மேலிருந்து வந்தது, எது கீழிருந்து வந்தது என்று அட்டையில் எழுதி, அதன் மேலேயே பாகத்தை வையுங்கள். உருண்டைக்குள் இறுகியிருக்கும் பழைய பேரிங் கப்பைப் பித்தளைக் கம்பியால் சுற்றிச் சுற்றித் தட்ட வேண்டும். ஒரே பக்கம் அடித்தால் கோணிக்கொண்டு சிக்கிவிடும். "மெதுவா, மெதுவா" என்று அண்ணா சொல்லிக்கொண்டே இருந்தார். வெளியே வந்த கப்பை விரலால் தடவினேன். வழவழப்பாக இருக்க வேண்டிய உட்புறத்தில், உருளைகள் நின்ற இடமெல்லாம் வரிவரியாகப் பள்ளம். வண்டி பல வருஷம் நேராகவே ஓடியதன் தழும்பு அது. வலது பக்கம் முடிக்கும் நேரத்தில் லோட் ஷெடிங் வந்துவிட்டது. மீதியைக் கைபேசி வெளிச்சத்தில் இறுக்கினோம். அது முடிந்தபின் காஸ்டரைச் சரிசெய்யும் மையம் விலகிய புஷ், நீளம் மாற்றக்கூடிய பேன்ஹார்ட் ராட், நீளமான பிரேக் குழாய். இந்த மூன்றும் சேர்ந்ததுதான் லிஃப்ட். ஸ்பிரிங் மட்டும் விற்பவர் பாதி விற்கிறார்.

டயரில் ஆசைக்கு ஓர் அளவு உண்டு. ஜிம்னியோடு வரும் 205/70 ஆர்15 டயரின் விட்டம் சுமார் 67 செண்டிமீட்டர். 215/75 போட்டால் 70. 235/75 என்றால் 73க்கு மேல். விட்டம் கூடினால் ஸ்பீடோமீட்டர் குறைத்துக் காட்டும்: 235இல் முள் 110இல் நிற்கும்போது உண்மையில் 120ஐத் தொட்டிருப்பீர்கள். சின்ன இஞ்சினுக்கு ஏற்றமும் கனக்கும். நான் 215ஓடு நிறுத்திக்கொண்டேன். மட்கார்டுக்கு வெளியே நீட்டும் சக்கரம் ரோட்வொர்த்தியில் மாட்டும். மாற்றியதையெல்லாம் இன்சூரன்ஸுக்கு எழுதிக் கொடுத்துவிடுங்கள். கூரை விளக்கு நான் போடவில்லை. இரவில் கரடுமுரடில் ஓட்டுவதாக உத்தேசமில்லை.

பணம் மிச்சமிருந்தால் சேஸிஸில் போல்ட் போட்ட ரெகவரி கொக்கி முன்னும் பின்னும். டிரெய்லர் மாட்டும் டோ பாலில் கயிறு மாட்டி இழுக்கவே கூடாது. உடைந்தால் அது குண்டு மாதிரிப் பறக்கும். கூடவே காற்றளவு பார்க்கும் கருவியும் ஒரு சிறு கம்ப்ரெஸரும். தார்ச்சாலையில் 1.8 பார், கல்சாலையில் 1.4, மணலில் 1.0. இந்த வித்தியாசம் செய்யும் வேலையை எந்த லிஃப்ட்டும் செய்யாது.

மணல் என்றதும் கடற்கரை ஞாபகம் வரும். தென்னாப்பிரிக்காவில் கடற்கரையில் வண்டி ஓட்ட 2002 முதல் பொதுவாகத் தடை. ஓட்டப் பழகத் தனியார் பண்ணைப் பாதைகள் இருக்கின்றன. பழகியபின் சானி கணவாய். அண்டர்பர்கிலிருந்து லெசோத்தோவுக்கு ஏறும் அந்தப் பாதையின் உச்சி 2,876 மீட்டர். ஃபோர் பை ஃபோர் அல்லாத வண்டியை இந்தப் பக்கமே திருப்பி அனுப்பிவிடுவார்கள். பாஸ்போர்ட் வேண்டும், கடன் வண்டி என்றால் வங்கிக் கடிதமும் வேண்டும்.

2023 ஈஸ்டருக்குப் போகலாம் என்றேன். புனித வெள்ளியன்று உம்பிலோ கோயிலில் தீமிதி, அண்ணா வீட்டில் எல்லோரும் விரதம். அதனால் இரண்டு வாரம் தள்ளிப் போனோம். கிளம்பும்போது அண்ணி நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தார். மேலே ஏற ஏற இஞ்சின் மூச்சுவாங்கியது. கடைசி வளைவுகளில் லோ ரேஞ்ச் முதல் கியரில் நடக்கிற வேகம்தான். ஆனால் ஸ்டியரிங் ஒரு விரலுக்குக் கட்டுப்பட்டது. இறங்கும்போதும் அதே கியர். பிரேக்கில் காலே வைக்கவில்லை. பிரேக்கை நம்பி இறங்கியவர்கள் வழியில் ஓரமாக நின்று, சக்கரத்தில் புகை வருவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

வீட்டுக்கு வந்து வண்டியைக் கழுவும்போது பார்த்தேன்: இடது முன்சக்கர உருண்டையின் அடியில் ஒரு சொட்டு, தண்ணியாக. விரலில் தொட்டு முகர்ந்தால் டிஃப் எண்ணெய். அண்ணாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். "ஐயோ" என்றார். சீல் வாங்கி வைத்திருக்கிறேன்.