ஹெபடைடிஸ் பி ஆன்டிபாடிகள்: ஆய்வகத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஹெபடைடிஸ் பி வைரஸின் மேற்பரப்புப் புரதத்துக்கு (எஸ் புரதம்) வாங்கிய ஆன்டிபாடி எலைசாவில் (ஆன்டிபாடியால் புரதத்தைப் பிடித்து நிற மாற்றத்தால் அளக்கும் சோதனை) பிரமாதமாக வேலை செய்யும். அதையே வெஸ்டர்ன் பிளாட்டில் (புரதங்களை எடைவாரியாகப் பிரித்து ஆன்டிபாடியால் தேடும் முறை) போட்டால் பட்டையே வராது. ஆன்டிபாடி கெட்டுவிட்டது என்று முடிவுகட்டிப் புதுக் குப்பிக்கு ஆர்டர் போடுவதற்கு முன் சாம்பிள் பஃபரை, அதாவது புரதத்தைக் கலக்கும் கரைசலைப் பாருங்கள்.

மேற்பரப்புப் புரதத்தில் 124 முதல் 147 வரையிலான அமினோ அமிலங்கள் டைசல்பைடு பிணைப்புகளால் மடிந்து நிற்கின்றன. எலைசாவுக்காகத் தேர்ந்தெடுத்த மோனோகுளோனல்களில் (ஒரே இடத்தை மட்டும் பிடிக்கும் ஆன்டிபாடிகள்) பல இந்த மடிப்பைத்தான் பிடிக்கும். அந்தப் பிணைப்புகளை உடைக்கும் டிடிடியோ பீட்டா மெர்காப்டோஎத்தனாலோ சேர்த்து 95 டிகிரியில் 5 நிமிடம் வைத்தால் மடிப்பு அவிழ்ந்துவிடும்; ஆன்டிபாடி பிடிக்க ஒன்றும் மிஞ்சாது. டிடிடி இல்லாத பஃபரில், கொதிக்க வைக்காமல் ஓட்டிப் பார்க்கலாம். ஆனால் அப்போது புரதம் இரண்டு மூன்றாகக் கோத்துக்கொண்டே ஓடும். பட்டை 24 கிலோ டால்டனில் (புரத எடையின் அலகு) வராமல் 50 கிலோ டால்டனை ஒட்டியும் அதற்கு மேலும் வரும். அதை அழுக்கு என்று ஒதுக்கிவிடக் கூடாது. சரியான அளவில் பட்டை வேண்டுமென்றால், மடிப்பைச் சாராத நேர்கோட்டு எபிடோப்பை (ஆன்டிபாடி ஒட்டும் இடம்) பிடிக்கும் ஆன்டிபாடியைத்தான் வாங்க வேண்டும்.

அப்படி வாங்கினாலும் எஸ் புரதம் 24, 27 கிலோ டால்டன் என இரண்டு பட்டைகளாக வரும். இது சிதைவு அல்ல. 146ஆம் இடத்தில் சர்க்கரை ஏறியதுதான் 27. சர்க்கரையை வெட்டும் பிஎன்ஜிஏஸ் எஃப் என்சைமைப் போட்டால் இரண்டும் ஒன்றாகிவிடும். ஈஸ்டில் செய்த புரதத்தை பாசிடிவ் கன்ட்ரோலாக வைத்தால் அதில் 27 தெரியாது, தேடவும் வேண்டாம்.

இம்யூனோபிரெசிபிடேஷன் (ஆன்டிபாடியால் புரதத்தைக் கரைசலிலிருந்து இழுத்தெடுப்பது) செய்பவர்கள் விழும் குழி வேறு. ஆன்டிபாடியின் சிறிய சங்கிலியான லைட் செயின் 25 கிலோ டால்டன். எஸ் புரதம் 24–27, வைரஸின் உள் உறையான கோர் புரதம் 21. இழுக்கவும் பிளாட்டுக்கும் ஒரே சுண்டெலி ஆன்டிபாடியைப் பயன்படுத்தினால், தேடும் இடத்திலேயே ஒரு தடித்த பட்டை உட்கார்ந்துகொள்ளும். சுண்டெலியால் இழுத்து முயலால் பாருங்கள். முதல் ஆன்டிபாடியைக் காட்டும் செகண்டரி ஆன்டிபாடி, சுண்டெலி ஐஜிஜியோடு (சுண்டெலியின் ஆன்டிபாடி) ஒட்டாதபடி வடிகட்டப்பட்டதாக இருக்கட்டும்.

ப்ரீஎஸ்1 (பெரிய மேற்பரப்புப் புரதத்தின் முன்பகுதி) ஆன்டிபாடி வாங்கும்போது எபிடோப் எந்த இடத்தில் என்று கேட்டே ஆக வேண்டும். ஜீனோடைப் டி (வைரஸின் மரபு வகைகளில் ஒன்று) வைரஸில் ப்ரீஎஸ்1இன் முதல் 11 அமினோ அமிலங்கள் கிடையாது. இந்தியாவில் பரவலாக உள்ளவற்றில் டி ஒன்று, வைரஸை உற்பத்தி செய்யும் ஆய்வகக் கல்லீரல் செல்களான ஹெப்ஜி2.2.15இல் இருப்பதும் அதுவே. அந்த 11க்குள் எபிடோப் இருந்தால் எத்தனை மைக்ரோகிராம் ஊற்றினாலும் சிக்னல் வராது.

கோர் புரதமும், செல்லிலிருந்து வெளியே சுரக்கப்படும் வைரஸ் புரதமான இ ஆன்டிஜெனும் 149 அமினோ அமிலங்களைப் பகிர்ந்துகொள்கின்றன. செல்லை உடைத்த கரைசலை இ ஆன்டிஜென் எலைசாவில் போட்டு அளந்தால், கோரும் சேர்ந்து எண்ணில் ஏற வாய்ப்பு உண்டு. கோரை மட்டும் பார்க்க, ஆர்ஜினைன் நிறைந்த வால் பகுதிக்கு எதிரான ஆன்டிபாடி நல்லது. இ ஆன்டிஜெனில் அந்த வால் வெட்டுப்பட்டுவிடும்.

ஒரே கட்ட சாண்ட்விச் எலைசாவில் (இரண்டு ஆன்டிபாடிகளுக்கு நடுவே ஆன்டிஜெனைப் பிடிப்பது) ஆன்டிஜென் அளவுக்கு மீறி இருந்தால் அளவீடு குறைவாகக் காட்டும். 10, 100, 1000 மடங்கு நீர்த்துப் பாருங்கள். நீர்க்க நீர்க்க ஓடி (நிற அடர்த்தி அளவீடு) கூடினால் இதுதான் காரணம். சோடியம் அசைடு கலந்த பஃபர், நிறம் தரும் எச்ஆர்பி என்சைம் உள்ள கிட்டின் அருகே வரவே கூடாது, என்சைமை முடக்கிவிடும்.

வைரஸின் இன்னொரு புரதமான எச்பிஎக்ஸ் 17 கிலோ டால்டன், செல்லில் மிகக் குறைவு, ஆன்டிபாடிகளில் பலவும் கண்டதையெல்லாம் பிடிப்பவை. வைரஸ் இல்லாத ஹெப்ஜி2 செல்களை ஓட்டிய லேனிலும் (பிளாட்டின் ஒரு வரிசை) அதே பட்டை இருந்தால் அது எச்பிஎக்ஸ் அல்ல. அந்த லேனே இல்லாத பிளாட்டை நம்ப வேண்டாம்.