டிஃபெண்டரை எடைபோடும்போது நாம் செய்யும் தவறுகள்

ஸ்ட்ரைக்கரைப் பற்றிப் பேச்சு வந்தால் நம் ஆட்கள் கணக்கோடு பேசுவார்கள், எத்தனை கோல், எத்தனை அசிஸ்ட், எந்த சீசன் என்று எல்லாம் விரல்நுனியில் இருக்கும். எதிரணி கோல் போடாமல் தடுக்கிற டிஃபெண்டர் என்று வந்துவிட்டால் கதையே வேறு. காலிடறி விழுந்து எதிரணிக்கு கோல் விட்டுக்கொடுத்த பத்து நொடி வீடியோ ஒன்று போதும், அந்த ஆளின் பதினைந்து வருட உழைப்பை அதிலேயே முடித்துவிடுகிறோம். இங்கிலாந்து லீக்குகளில் ஒரு டிஃபெண்டரின் வாழ்க்கை எப்படி ஓடுகிறது என்று நிதானமாகப் பார்த்தால் இந்தத் தீர்ப்புகள் எவ்வளவு அவசரமானவை என்று புரியும். டிஃபெண்டர் மெதுவாகப் பழுக்கிற ஆள். அவர் மிக நன்றாக ஆடிய நாளில் திரையில் ஒன்றுமே நடந்திருக்காது, அதனாலேயே அவரைப் பற்றி யாரும் பேசியிருக்க மாட்டார்கள்.

பிரீமியர் லீக்கை மட்டுமே இங்கிலாந்து கால்பந்து என்று நினைப்பதில்தான் பாதிக் கோளாறு தொடங்குகிறது. அங்கே இருப்பது 20 கிளப்புகள். அதற்குக் கீழே சாம்பியன்ஷிப், லீக் ஒன், லீக் டூ என்று மூன்று படிகள், ஒவ்வொன்றிலும் 24 கிளப்புகள், ஆக மொத்தம் 92. அதற்கும் கீழே நேஷனல் லீக்கிலும் முழுநேரமாக ஆடிப் பிழைக்கிற ஆட்டக்காரர்கள் இருக்கிறார்கள். (இலங்கைத் தமிழ்ப் பெற்றோருக்குப் பிறந்து வேல்ஸில் வளர்ந்த விமல் யோகநாதன் 2024இல், அப்போது லீக் ஒன்னில் இருந்த பார்ன்ஸ்லியின் முதல் அணியில் இறங்கிய பிறகு லீக் ஒன் என்ற பெயர் நமக்கும் கொஞ்சம் பழகியிருக்கிறது. அவர் நடுக்கள ஆட்டக்காரர், ஆனாலும் அவரால் நம்மில் சிலராவது அந்தப் படியின் மேட்ச்களைப் பார்க்கத் தொடங்கியிருப்பது எனக்கு ரொம்பச் சந்தோஷம்.) கீழ் மூன்று படிகளிலும் ஒரு சீசனுக்கு லீக் ஆட்டங்கள் மட்டும் 46, கோப்பை ஆட்டங்கள் தனி. அந்தச் சுமையை வருடக்கணக்காகத் தாங்கி நிற்பதே பெரிய விஷயம். ஜான் டிரொலோப் என்ற லெஃப்ட் பேக் (இடப்பக்க டிஃபெண்டர்) 1960லிருந்து 1980 வரை ஸ்விண்டன் டவுனுக்காக 770 லீக் ஆட்டங்கள் ஆடினார். ஒரே கிளப்புக்காக அத்தனை லீக் ஆட்டங்கள் என்ற அந்தச் சாதனையைப் பல பத்தாண்டுகள் கழித்து முந்தியவரும் ஒரு லெஃப்ட் பேக்தான், எம்கே டான்ஸின் டீன் லூயிங்டன். அவர் பிரீமியர் லீக்கில் ஒரு மேட்ச்கூட ஆடியதில்லை. 2014 ஆகஸ்டில் லீக் கோப்பையில் மான்செஸ்டர் யுனைடெட்டை 4-0 என்று மண்ணைக் கவ்வ வைத்த எம்கே டான்ஸ் அணி அவருடையதுதான். இவரை 'பெரிய கிளப்புக்குப் போகாத ஆள்' என்று ஒரே வரியில் ஒதுக்குவது எந்த நியாயத்திலும் சேராது.

இதோடு ஒட்டிய ஒரு சின்னக் குழப்பம். 1992க்கு முன்பு முதல் டிவிஷன் என்றால் உச்சப் படி. பிரீமியர் லீக் வந்த பிறகு, 1992 முதல் 2004 வரை, அதே பெயர் இரண்டாம் படியைக் குறித்தது. 2004இல்தான் சாம்பியன்ஷிப் என்ற பெயர் வந்தது. பழைய டிஃபெண்டர் ஒருவரின் வரலாற்றைப் படிக்கும்போது ஆண்டைப் பார்க்காமல் டிவிஷன் பெயரை மட்டும் பார்த்தால் கணக்கு தப்பிவிடும். விக்கிப்பீடியாவில் வலப்பக்கப் பெட்டியில் இருக்கும் எண்ணும் பெரும்பாலும் லீக் ஆட்டங்களை மட்டும்தான் காட்டும், எஃப்ஏ கோப்பை, லீக் கோப்பை, ஐரோப்பிய ஆட்டங்கள் அதில் வராது.

சரி, அடுத்தது எனக்கு ரொம்ப முக்கியமாகப் படுவது. சின்ன வயதில் ஒரு கிளப்பின் அகாடமி, அதாவது பயிற்சிப் பள்ளி, கழற்றிவிட்டதென்றால் அந்தப் பையனிடம் சரக்கில்லை என்று முடிவு கட்டுவது. டான் பர்னை எடுத்துக்கொள்ளுங்கள். நியூகாசில் பக்கம் பிளைத் ஊர்க்காரர், அந்த அணியின் ரசிகர். 11 வயதில் நியூகாசில் அகாடமி அவரை அனுப்பிவிட்டது. பதின்ம வயதில் ஆஸ்டா சூப்பர் மார்க்கெட்டில் டிராலி தள்ளும் வேலை பார்த்தார். டார்லிங்டனில் தொழில்முறை ஆட்டம் தொடங்கி, 2011இல் ஃபுல்ஹாமுக்குப் போய், அங்கிருந்து லோனில், அதாவது தற்காலிகமாக இன்னொரு கிளப்புக்கு ஆட, இயோவிலுக்குப் போனார். 2013இல், மேல் படிக்கு ஏறும் அணியைத் தீர்மானிக்கும் லீக் ஒன் பிளே ஆஃப் இறுதியில் வெம்ப்ளியில் பிரெண்ட்ஃபர்டை இயோவில் 2-1 என்று வென்றபோது ஒரு கோல் அவருடையது. அப்புறம் பர்மிங்காம், விகன், பிரைட்டன். 2022 ஜனவரியில், வேண்டாம் என்று அனுப்பிய அதே நியூகாசில் காசு கொடுத்து அவரை வாங்கியது. 2025 மார்ச் 16, மறுபடியும் வெம்ப்ளி, லீக் கோப்பை இறுதி, எதிரே லிவர்பூல். இடைவேளைக்குச் சற்று முன் ட்ரிப்பியர் அடித்த கார்னருக்கு, கோலிலிருந்து நன்றாகத் தள்ளி நின்றிருந்த பர்ன் எழும்பித் தலையால் அடித்த அடி நேராக வலைக்குள் போனது. அவ்வளவு உயரமான ஆளிடம் இருந்து தலையடி வரும் என்று தெரிந்தும், அவரைவிட நன்றாகக் குள்ளமான மாக் அலிஸ்டரைத்தான் லிவர்பூல் அவருக்குக் காவலாக விட்டிருந்தது. 2-1 என்று வென்ற நியூகாசிலுக்கு 1955க்குப் பிறகு கிடைத்த முதல் பெரிய உள்நாட்டுக் கோப்பை அது. ஐந்து நாள் கழித்து அல்பேனியாவுக்கு எதிராக இங்கிலாந்து அணியில் முதல் ஆட்டம், வயது 32. இதே ஆளை 20 வயதில் இயோவிலில் பார்த்துவிட்டு 'இவ்வளவுதான்' என்று எழுதியிருந்தால் என்ன ஆகியிருக்கும்?

இது விதிவிலக்கு என்று நினைக்க வேண்டாம். ஸ்டூவர்ட் பியர்ஸ் வீல்ட்ஸ்டோன் என்ற லீக்குக்கு வெளியே இருந்த கிளப்பில் ஆடிக்கொண்டே எலக்ட்ரீஷியன் வேலை பார்த்தவர். 1985இல் நாட்டிங்காம் ஃபாரஸ்ட்டுக்கு வந்த பிறகும் மேட்ச் அன்று விற்கும் புத்தகத்தில் தன் எலக்ட்ரிகல் வேலைக்கு விளம்பரம் போட்டிருந்தார், பிற்பாடு இங்கிலாந்துக்காக 78 ஆட்டங்கள். 1990-91இல் ஒரே ஒரு லீக் தோல்வியோடு, 18 கோல்கள் மட்டும் விட்டுக்கொடுத்துப் பட்டம் வென்ற ஆர்சனலின் பின்வரிசையைப் பாருங்கள். டோனி ஆடம்ஸ் சொந்த அகாடமிப் பையன். லீ டிக்ஸன் பர்ன்லி, செஸ்டர், பரி, ஸ்டோக் என்று சுற்றி வந்தவர். ஸ்டீவ் போல்டும் ஸ்டோக்கில் இருந்து வந்தவர், நைஜல் விண்டர்பர்ன் விம்பிள்டனில் இருந்து. ஐரோப்பாவே பயந்த ஒரு தற்காப்பு அணி பெரும்பாலும் கீழ்ப்படிகளில் அடிபட்டு வந்தவர்களால் கட்டப்பட்டது.

லோனில் போவதைத் தண்டனையாகப் பார்ப்பதும் இதே ரகம். பெஞ்சில் உட்கார்ந்து சென்டர் பேக் (நடு டிஃபெண்டர்) வேலையைக் கற்றுக்கொள்ள முடியாது. எப்போது முன்னேறிப் போக வேண்டும், எப்போது பின்வாங்க வேண்டும் என்ற முடிவுகளைத் தப்பும் தவறுமாக எடுத்து, அதற்குப் பதில் சொல்லித்தான் அது வரும். சவுத்தாம்ப்டன் 16 வயதில் விடுவித்த பென் ஒயிட்டை பிரைட்டன் எடுத்து, 2017-18இல் லீக் டூவில் இருந்த நியூபோர்ட் கவுண்டிக்கு லோனில் அனுப்பியது. அந்த சீசனில் எஃப்ஏ கோப்பையில் நியூபோர்ட் லீட்ஸை வென்றது, அடுத்த சுற்றில் டாட்டனமை 1-1 என்று தடுத்து நிறுத்தியது, டாட்டனமின் ஸ்ட்ரைக்கர் ஹாரி கேனுக்கு எதிராக நின்றவர்களில் ஒருவர் இருபது வயதுப் பையன் ஒயிட். பிறகு பீட்டர்பரோ. பிறகு அதே லீட்ஸுக்கு லோன், 2019-20 சாம்பியன்ஷிப் சீசனின் 46 ஆட்டங்களிலும் இறங்கினார், லீட்ஸ் பட்டத்தோடு பிரீமியர் லீக்குக்கு ஏறியது. 2021இல் ஆர்சனல் கொடுத்த விலை சுமார் 50 மில்லியன் பவுண்ட். லோன் எங்கே, எத்தனை ஆட்டம், எந்த இடத்தில் ஆடினார் என்று பார்த்துவிட்டுப் பேசினால் போதும், மீதி தானாக விளங்கும்.

சேம் சைடு கோலை வைத்து டிஃபெண்டரைக் கிண்டல் செய்வது எனக்குக் கோபமே வரவைக்கிற விஷயம். பிரீமியர் லீக்கில் அதிகமாக சேம் சைடு கோல் போட்டவர் ரிச்சர்ட் டன், மொத்தம் 10. எட்டு முறை சிவப்பு அட்டை வேறு. இந்த இரண்டு எண்களை மட்டும் படித்தால் உருப்படாத ஆள் என்றுதான் தோன்றும். ஆனால் மான்செஸ்டர் சிட்டி ரசிகர்கள் 2005 முதல் 2008 வரை தொடர்ந்து நான்கு முறை அவரைத்தான் ஆண்டின் சிறந்த ஆட்டக்காரராகத் தேர்ந்தெடுத்தார்கள். வாராவாரம் மைதானத்தில் உட்கார்ந்து பார்த்தவர்களின் தீர்ப்பு அது. கோலுக்கு முன்னால் குறுக்கே வரும் ஒவ்வொரு கிராஸுக்கும் காலை நீட்டுகிறவர் மேல்தான் பந்து பட்டுத் திரும்பும், ஒதுங்கி நிற்பவர் மேல் படாது. 2011 செப்டம்பரில் மாஸ்கோவில் ரஷ்யாவுக்கு எதிராக அயர்லாந்து ஆடிய மேட்சின் படங்களைத் தேடிப் பாருங்கள். டன்னின் முகம் கிழிந்து ரத்தம், சட்டை முழுக்க ரத்தக்கறை, மாற்றிக்கொள்ளக் கொடுத்த சட்டையில் எண் இல்லாததால் முதுகில் 5 என்று மார்க்கர் பேனாவால் எழுதி அனுப்பினார்கள். அலையலையாக வந்த ரஷ்யத் தாக்குதல்களை எதிர்கொண்டு ஆட்டம் 0-0 என்று முடிந்தது.

டாக்கிள் (எதிரணிக்காரர் காலிலிருந்து பந்தைப் பறிப்பது) எண்ணிக்கையும் அப்படியே ஏமாற்றும். பந்து எப்போதும் எதிரணியிடமே இருக்கிற பலவீனமான அணியின் டிஃபெண்டருக்கு டாக்கிள் செய்யும் வாய்ப்பு அதிகம், பந்தைத் தன்னிடமே வைத்திருக்கும் அணியில் குறைவு. தவிர, தரையில் சறுக்கிப் போய் பந்தை எடுப்பது பல நேரம் ஏற்கனவே நின்ற இடம் தவறு என்பதன் விளைவு. நல்ல சென்டர் பேக் இரண்டு அடி முன்னரே நகர்ந்து நிற்பதால் எதிரணிக்காரர் அந்தப் பக்கம் பாஸே கொடுக்க மாட்டார். கொடுக்காத பாஸை எந்தப் புள்ளிவிவரமும் எண்ணாது. மேட்சில் பந்தைப் பார்க்காமல் பத்து நிமிடம் ஒரு டிஃபெண்டரை மட்டும் பாருங்கள், தலையைத் திருப்பித் திருப்பி யார் எங்கே என்று பார்ப்பது, கையைக் காட்டி மற்றவர்களை நகர்த்துவது, ஆஃப்சைடு கோட்டுக்காக ஒரே நேரத்தில் முன்னேறுவது எல்லாம் அப்போதுதான் கண்ணில் படும்.

விலையைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. 2019இல் மான்செஸ்டர் யுனைடெட் வாங்கிய ஹாரி மகுவயருக்கு 80 மில்லியன் பவுண்ட் என்று விலை வைத்தவர் மகுவயர் இல்லை, லெஸ்டர். அந்தத் தொகையை அவர் தலையில் வருடக்கணக்காகச் சுமத்தியது நாம். 2017இல் ஆண்டி ராபர்ட்சன் சுமார் 8 மில்லியனுக்கு லிவர்பூல் வந்தார், அதற்கு முன் ஹல் சிட்டியோடு இரண்டு முறை கீழ்ப் படிக்கு இறங்கியவர். அணி இறங்கியதை ஆளின் தோல்வியாக எழுதியிருந்தால் சாம்பியன்ஸ் லீக் வென்ற ஒரு லெஃப்ட் பேக்கை நாம் தவறவிட்டிருப்போம். ஒப்பந்தம் முடிந்து காசில்லாமல் மாறுவதும் மதிப்பில்லை என்று ஆகாது, 2001இல் சோல் கேம்பெல் டாட்டனமில் இருந்து ஆர்சனலுக்கு அப்படித்தான் போனார், 2003-04 லீக்கில் தோற்காத அணியின் நடுவில் நின்றார். நாட்டு அணிக்கு ஆடாததும் அப்படியே. மான்செஸ்டர் யுனைடெட்டின் கேப்டனாக லீக் பட்டங்கள் தூக்கிய ஸ்டீவ் புரூஸ் இங்கிலாந்து சீனியர் அணிக்கு ஒரு ஆட்டம்கூட ஆடவில்லை.

30 தாண்டினால் முடிந்தது என்பது முன்கள ஆட்டக்காரரின் அளவுகோல். 1991இல் ஸ்கந்தார்ப்பில் தொடங்கிய கிரஹாம் அலெக்சாண்டர், லூட்டன், பிரெஸ்டன் வழியாக பர்ன்லிக்கு வந்து, 2009இல் அந்த அணி மேலேறியபோது தன் முதல் பிரீமியர் லீக் ஆட்டத்தை ஆடினார், வயது 37. மொத்தம் ஆயிரம் ஆட்டங்களுக்கு மேல். அவர் பெயருக்கு எதிரே நூற்றுக்கும் மேல் கோல் இருப்பதைப் பார்த்து வியப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும், அவற்றில் பெரும்பங்கு பெனால்டி.

கடைசியாக உடம்பு. டிஃபெண்டர் வேலையில் தலையடி பிரிக்க முடியாத பகுதி. ஸ்காட்லாந்தின் முன்னாள் தொழில்முறை ஆட்டக்காரர்களை வைத்து கிளாஸ்கோ பல்கலைக்கழகம் செய்த ஆய்வு 2019இல் வந்தது, மூளை நரம்புச் சிதைவு நோய்களால் அவர்கள் இறக்கும் அபாயம் மற்றவர்களைவிட சுமார் மூன்றரை மடங்கு என்றது. 2021இல் அதே குழு ஆடிய இடம் வாரியாகப் பிரித்துப் பார்த்தபோது இத்தகைய நோய்கள் வரும் அபாயம் டிஃபெண்டர்களுக்குத்தான் மிக அதிகம், சுமார் ஐந்து மடங்கு. கோல்கீப்பர்களுக்குப் பொதுமக்களைவிடக் குறிப்பிடத்தக்க கூடுதல் இல்லை. அந்த ஆண்டே இங்கிலாந்தில் பயிற்சியில் வேகமான தலையடிகள் வாரத்துக்குப் பத்துக்கு மேல் வேண்டாம் என்ற வழிகாட்டுதல் வந்தது, தலையில் அடிபட்டவரை நிரந்தரமாக வெளியே எடுத்து மாற்று ஆளை இறக்கும் விதியும் பிரீமியர் லீக்கில் 2021 பிப்ரவரியில் வந்தது. ஆகவே தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்த டிஃபெண்டர் டாக்டரோடு வெளியே நடக்கும்போது 'நடிக்கிறான், டைம் வேஸ்ட் பண்றான்' என்று சேட்டில் அடிப்பதை நிறுத்துங்கள். கட்டுப்போட்டுக்கொண்டு திரும்பி வந்து ஆடுவதுதான் வீரம் என்று பழைய படங்களைப் பகிர்ந்து இளம் ஆட்டக்காரர்களை உசுப்பேற்றுவதையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.