குரல் இறங்கிய பின் பழைய பாட்டை வாசிப்பது எப்படி

இருபது வயதில் கிட்டாரில் ஜி மேஜர் சுருதியில் போட்ட பாட்டு, ஐம்பதில் உச்ச இடத்தில் தொண்டையைப் பிடிக்கும். கிட்டாரைத் தொடாமல் அந்த ஒரு வரியை மட்டும் பாடி, சிரமமில்லாத சுருதியைப் பிடியுங்கள். இரண்டு ஃப்ரெட் (கிட்டார் கழுத்தில் கம்பிகளுக்கு இடையே உள்ள கட்டம்; ஒரு கட்டம் அரைச் சுரம்) இறங்கினால் எஃப் மேஜர். அதற்காக, ஒரே விரலைப் படுக்கவைத்துப் பல தந்திகளை அழுத்தும் பாரே கார்டுகளோடு மல்லுக்கட்ட வேண்டாம். எல்லாத் தந்திகளையும் சேர்த்து அழுத்தும் கவ்வியான கேப்போவை 3-வது ஃப்ரெட்டில் மாட்டி, ஜி, சி, டி, இ மைனர் இருந்த இடங்களில் டி, ஜி, ஏ, பி மைனர் வாசியுங்கள். பி மைனர் மட்டும் கொஞ்சம் படுத்தும். கேப்போ ஃப்ரெட் கம்பியை ஒட்டி, அதன் பின்னால் இருக்கட்டும். நடுவில் மாட்டினால் தந்தி இழுபட்டுச் சுருதி ஏறும்.

பழைய விரல் வடிவமேதான் வேண்டுமா? ஆறு தந்தியையும் இரண்டு ஃப்ரெட் அளவு இறக்குங்கள்: டி, ஜி, சி, எஃப், ஏ, டி. 0.012 தந்தி செட் (மெல்லிய தந்தியின் தடிமன், அங்குலத்தில்) தொளதொளத்து ஃப்ரெட்டில் உரசி இரைந்தால் 0.013 போடுங்கள்.